ஞாயிற்றுக்கிழமைப் புள்ளிகள்

தேதியை முடிவுசெய்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அறையில் இருந்தவர்கள்: முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிவிட்டு, இப்போது கட்டிலிலிருந்து குளியலறை வரை போவதற்கே ஒரு தோள் தேவைப்பட்ட அப்பா, ராத்திரி ஷிப்ட் முடிந்து முகம்கூடக் கழுவாமல் வந்து நின்ற தம்பி, கையில் பால் தம்ளரோடு தம்பியின் மனைவி, வாரத்துக்கு இரண்டு நாள் ஊசி போட வரும் நர்ஸம்மா, மருந்து டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருந்த போனுக்குள் அக்கா. எடை பார்க்கும் மெஷினை ஓர் ஆளாகக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் அன்று அது சொன்னதுதான் எடுபட்டது.

அக்காவுக்கு அவன் தம்பி. அதனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் தம்பிதான். அப்பாவே அப்படித்தான் கூப்பிடுவார். வேலை செய்யும் இடத்தில் மட்டும் அவனுக்கு ‘நிமிஷம்’ என்று பெயர். அந்தப் பெயரை அவன் சும்மா வாங்கவில்லை.

ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் துண்டும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பெரிய சலவைத் தொழிற்சாலை அது. பின்கட்டில் மூன்று தண்ணீர்த் தொட்டிகள், நிறுத்திவைத்த உருளை மாதிரி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மேலிருந்து கீழ்வரை ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ அதே உயரத்துக்குக் குழாயிலும் நிற்கும். மணிக்கு ஒரு தடவை அதைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். முதல் அளவு, கடைசி அளவு, நடுவில் எத்தனை மணி நேரம். இறங்கியதை மணியால் வகுத்தால் ஒரு மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்துவிடும். மிச்சத்தை அதால் வகுத்தால் எப்போது தொட்டி காயும் என்று தெரிந்துவிடும். காலை ஷிப்ட்காரர்களிடம் தாளைக் கொடுக்கும்போது தம்பி, “பத்து இருபதுக்குத் தீரும், அதுக்குள்ள லாரியைச் சொல்லிடுங்க” என்பான். பத்து இருபதுக்குத் தீரும். ஒரு தடவை பத்து பதினேழுக்குத் தீர்ந்ததற்கு மூன்று நிமிஷத்தை எங்கே தின்றாய் என்று ஒரு வாரம் கலாட்டா பண்ணினார்கள்.

இதில் ஒரே ஒரு விதி உண்டு. அளவு எடுக்கும் நேரத்தில் தண்ணீர் உள்ளே வரும் வால்வை இறுக்கி மூடியிருக்க வேண்டும். உள்ளே வந்துகொண்டிருந்தால் வெளியே போவது தெரியாது. குழாயில் மட்டம் நிற்கிற மாதிரியே இருக்கும், மிஷின்களோ குடித்துக்கொண்டே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவனுக்குச் சொன்னது இது. பதினாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் அந்த வால்வை மறந்ததில்லை.

இத்தனைக்கும் பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை தோற்றுப் படிப்பை விட்டவன். அக்கா நேர்மாறு. கணக்கு டீச்சர். வேறு நாட்டில், ஒன்றரை நாள் பயணத் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷமாகப் பாடம் எடுக்கிறாள். நேர்கோட்டின் சாய்வு என்ற பாடத்துக்கு அவள் தயாரித்த கேள்வித்தாளில் தம்பியின் தொட்டி ஒரு தடவை வந்தது: ‘ஒரு சலவைத் தொழிற்சாலையில் தொட்டியின் நீர்மட்டம் காலை ஆறு மணிக்கு நூற்று எண்பது சென்டிமீட்டர், எட்டு மணிக்கு நூற்று முப்பத்தாறு சென்டிமீட்டர். சாய்வைக் கண்டுபிடி. தொட்டி எப்போது காலியாகும்?’ அதைப் போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பியிருந்தாள். பரீட்சையில் தோற்றவன் கேள்வித்தாளில் ஏறிவிட்டான் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்போது அவரால் திரிய முடிந்தது.

போன வருஷம் அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்றதும் அக்கா அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். வந்த பன்னிரண்டு நாளும் அவர் தேறிக்கொண்டே இருந்தார். நன்றாகச் சாப்பிட்டார், சீட்டாட்டத்தில் அவளை ஏமாற்றினார். நிம்மதியாகத் திரும்பிப் போனாள். போனபின்தான் ஆபரேஷனில் முழுதாக எடுக்க முடியாத ஒன்று உள்ளே பாக்கி இருப்பது தெரிந்தது. இந்த வருஷம் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வாரம்தான் லீவு, அதுவும் ஒரே தடவை. அதற்குமேல் போனால் வேலை இல்லை. அந்த நாட்டில் வேலை இல்லையென்றால் தங்க அனுமதியும் இல்லை. கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்பது வாரத்தில் பரீட்சை முடியும். இப்போது வந்து இரண்டு வாரம் உட்கார்ந்துவிட்டுப் போய், மூன்றாவது வாரம் அவர் போய்விட்டால்? அவளுக்கு அப்பா கண் திறந்திருக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

அதனால் தம்பியிடம் ஒரு தேதி கேட்டாள். தொட்டிக்குச் சொல்வதுபோல் சொல்லேன் என்றாள். கேலி மாதிரிதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது கேலி இல்லை.

தம்பி ஏற்கெனவே வேலையில் இறங்கியிருந்தான். கோடு போட்ட தாள் ஒன்றை அப்பா அறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தான். குறுக்கே வாரங்கள், நெடுக்கே கிலோ. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றோடு, அதே பைஜாமாவில் அப்பாவை மெஷின்மேல் ஏற்றிப் புள்ளி வைப்பான். ஐந்து புள்ளிகள் சேர்ந்திருந்தன: ஐம்பத்திரண்டு, ஐம்பத்தொன்று, ஐம்பது புள்ளி இரண்டு, நாற்பத்தொன்பது புள்ளி ஆறு, நாற்பத்தொன்பது புள்ளி இரண்டு. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது நடைவழியில் டாக்டரை மடக்கி, எதுவரை தாங்குவார் என்று விடாமல் நச்சரித்திருந்தான். அவர் தப்பித்தால் போதுமென்று, நாற்பதுக்குக் கீழே போனால் கஷ்டம்தான் என்றார். தம்பிக்கு அது போதுமாயிருந்தது. தொட்டியின் அடி கிடைத்துவிட்டது.

“நாலு வாரத்துல ரெண்டு புள்ளி எட்டு கிலோ. வாரத்துக்கு புள்ளி ஏழு. இன்னும் ஒன்பது புள்ளி ரெண்டு இறங்கணும்” என்றான் போனைப் பார்த்து. “பதிமூணு வாரம் வருது. நீ பத்தாவது வாரம் வா. மூணு வாரம் கையில இருக்கு.”

போனுக்குள் அக்கா ஒரு தாளில் எழுதி வகுத்துப் பார்த்தாள். கணக்கு சரி என்றாள்.

நர்ஸம்மா ஊசியை உடைத்துப் பெட்டியில் போட்டபடியே, மனுஷ உடம்புக்கு இப்படியெல்லாம் கோடு இழுக்க முடியாது தம்பி என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து அவருக்குக் கிட்டத்தட்ட நாலு வாரம் லீவு, மகளுக்குப் பிரசவம்.

அப்பா இவ்வளவையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். அவரை வைத்துக்கொண்டு பேசக் கூடாதென்று தம்பியின் மனைவி கண்ணைக் காட்டியிருந்தாள். ஆனால் அந்த அறையைவிட்டு எழுந்து போக முடியாதவர் அவர் ஒருவர்தான். பாலை இரண்டு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார்:

“பதிமூணு வாரம் வரைக்கும் ஸ்டாப்பிங் கிடையாதுன்னு சொல்றான். சரி, நேரா விடுவோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அன்று மாலையே பத்தாவது வாரத்துக்கு டிக்கெட் எடுத்தாள்.

அடுத்த ஞாயிறு நாற்பத்தொன்பது. அதற்கடுத்த ஞாயிறும் நாற்பத்தொன்பது. தம்பிக்கு நம்ப முடியவில்லை. அப்பாவை இறக்கி, மெஷினைத் தட்டி, தான் ஏறிப் பார்த்து, மறுபடி அவரை ஏற்றினான். அதே நாற்பத்தொன்பது. மூன்றாவது ஞாயிறு புள்ளி மேலே போனது, நாற்பத்தொன்பது புள்ளி மூன்று. அன்று அந்த வீட்டில் ஒரு கல்யாண வீட்டுக் களை. கோடு படுத்துவிட்டது என்று அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னான். சாய்வு பூஜ்யமாகிவிட்டதா என்று அவள் டீச்சர் குரலில் கேட்டாள். இன்னும் நல்லது, கூடுகிறது என்றான். பத்தாவது வாரம் வந்தால் இரண்டு வாரமும் சீட்டாடலாம் போலிருக்கிறதே என்று சிரித்தவள், சிரிப்பு முடிவதற்குள் அழுதாள்.

அந்த மூன்று வாரமும் கண்ணுக்கு முன்னால் நடந்த வேறு சில விஷயங்களும் உண்டு. அப்பாவின் செருப்பு அவர் காலுக்குப் பத்தாமல் போனது. தம்பியின் மனைவி கடைக்குப் போய் ஒரு அளவு பெரியதாக வாங்கிவந்தாள். பத்து நாளில் அதுவும் இறுக்கிப் பிடித்தது. கணுக்காலில் காலுறை பதிந்த தடம் மத்தியானம் வரைக்கும் மறையவில்லை. மாமா முகம் ஒடுங்கிக்கொண்டே போகிறதே, கை குச்சியாகிவிட்டதே என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். தம்பி அலமாரியைத் திறந்து தாளைக் காட்டினான். நாற்பத்தொன்பது புள்ளி மூன்றுக்கு மேல் அவளால் என்ன பேச முடியும்? நர்ஸம்மாவுக்குப் பதிலாக வந்த பெண் வாசலில் வண்டியை அணைக்காமலே உள்ளே வந்து ஊசியைக் குத்திவிட்டு ஓடுகிறவள். அவள் போர்வையை விலக்கியதே இல்லை.

நான்காவது ஞாயிறு நாற்பத்தொன்பது புள்ளி எட்டு. தம்பி புள்ளியை வைத்துக்கொண்டிருக்கும்போதே நர்ஸம்மா வந்தார், லீவு முடிந்து. பேரன் பிறந்த சந்தோஷம் முகத்தில் இருந்தது. அப்பாவைப் பார்த்ததும் அது போய்விட்டது. போர்வையை எடுத்தார். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து ஐந்து எண்ணும்வரை அழுத்தினார். விரலை எடுத்தபோது அங்கே ஒரு குழி. அது நிரம்பவேயில்லை.

“இது சதை இல்ல, தண்ணி” என்றார். “மேல கரைஞ்சுக்கிட்டே இருக்கு, கீழ சேர்ந்துக்கிட்டே இருக்கு. உங்க மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எத்தனை நாளா இப்படி இருக்கு?”

தம்பி கையில் பென்சிலோடு அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே வரும் வால்வு திறந்தே இருந்திருக்கிறது. முதல் வாரத்திலிருந்தே. ஒன்று, புள்ளி எட்டு, புள்ளி ஆறு, புள்ளி நான்கு என்று இறக்கம் குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்து அவன் சந்தோஷப்பட்டான். அது தண்ணீர் உள்ளே வரும் வேகம். தொழிற்சாலையில் எவனாவது இப்படி ஒரு தாளை எழுதிக் கொடுத்திருந்தால் முகத்தில் வீசியிருப்பான். கடைசிப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ‘தண்ணீர்’ என்று எழுதினான். தேதியும் போட்டான். அது அவன் கைப்பழக்கம்.

நர்ஸம்மா வாசலுக்குப் போய் டாக்டரிடம் போனில் பேசினார். அவர் சொன்னபடி தண்ணீரை இறக்கும் மாத்திரையை எழுதிக் கொடுத்தார், மறுநாள் காலையிலிருந்து. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையிடம் சொல்லிவிடு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி போனைக் கையில் எடுத்தான். அக்கா பெயர்வரை போனான். என்னவென்று சொல்வது? பதிமூன்று வாரம் இல்லை என்று சொல்லலாம். அப்படியென்றால் எத்தனை என்று அவள் கேட்பாள். அவள் கணக்கு டீச்சர், கேட்காமல் விட மாட்டாள். எத்தனை கிலோ தண்ணீர், எத்தனை கிலோ அப்பா என்று அவனுக்குத் தெரியாது. இருந்த ஒன்பது புள்ளியில் முதலாவதைத் தவிர எல்லாம் பொய். மாத்திரை வேலை செய்து தண்ணீர் இறங்கியபின் வரும் ஞாயிற்றுக்கிழமை எடை பார்த்தால் ஓர் உண்மையான புள்ளி கிடைக்கும். அதை முதல் ஞாயிற்றின் ஐம்பத்திரண்டோடு சேர்த்தால் ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோட்டை வைத்து ஒரு தேதி சொல்லலாம். இந்தத் தடவை சரியான தேதி. இரண்டு புள்ளி இல்லாமல் வாயைத் திறக்கிற வழக்கம் அவனுக்கு இல்லை. அதுவும் ஒரு தடவை தப்பாகத் திறந்தபின்.

அவமானமும் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். கேள்வித்தாளில் ஏறியவன் மறுபடி கணக்கில் தோற்றிருக்கிறான்; அதை அக்காவிடமே போய்ச் சொல்ல வேண்டும். புது விடை கையில் இருந்தால் பழைய தப்பைச் சொல்வது கொஞ்சம் சுலபம்.

போனை மேஜைமேல் வைத்தான்.

திங்கட்கிழமை அவன் மனைவி கேட்டாள், அண்ணியிடம் சொல்லியாயிற்றா என்று. ஞாயிற்றுக்கிழமை எடை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றான். நான் சொல்லவா என்றாள். நம்பர் இல்லாமல் சும்மா பயமுறுத்தினால் போன வருஷம் மாதிரி ஓடிவருவாள், இருக்கிற ஒரே லீவும் வீணாகும், பிறகு உண்மையாகவே வேண்டியபோது வர முடியாது என்றான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அதிலிருந்த வினை.

செவ்வாய்க்கிழமை காலை அவன் ஷிப்ட் முடிந்து வந்தபோது அப்பா விழித்திருந்தார். மாத்திரையால் ராத்திரி ஆறு தடவை எழுந்திருக்க வேண்டியிருந்ததாம். குரல் உள்ளே போயிருந்தது. கட்டில் ஓரத்தைத் தட்டினார், தம்பி உட்கார்ந்தான்.

“அவ எப்ப வர்றா?”

“இன்னும் ஆறு வாரம்ப்பா.”

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, ஏதோ எண்ணுகிற மாதிரி.

“கொஞ்சம் முன்னாடி வரச் சொல்ல முடியாதா தம்பி?”

“ஞாயித்துக்கிழமை பார்த்துட்டுச் சொல்றேன்ப்பா.”

அவர் சரியென்று தலையாட்டினார். மகன் பேச்சில் அவருக்கு நம்பிக்கை இருந்தது. வண்டி தாமதமானால் கண்டக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும் பயணி மாதிரிதான் தலையாட்டினார். தம்பி குளித்துவிட்டுப் போய்ப் படுத்தான். தூக்கமும் வந்தது.

புதன்கிழமை அப்பா ஜன்னலைத் திறக்கச் சொன்னார். வெளியே பார்த்து, வண்டியை டிப்போவில் விட்டாயிற்றா என்று கேட்டார். வியாழக்கிழமை பெரும்பாலும் தூங்கினார். சாயங்காலம் தம்பியின் மனைவி ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தபோது, உனக்குத்தான் ரொம்பக் கஷ்டம் என்றார். கால் வீக்கம் நன்றாக இறங்கியிருந்தது. புதுச் செருப்பு கட்டிலுக்கடியில் இரண்டு தோணி மாதிரிக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தம்பி உள்ளே நுழையும்போது அவன் மனைவி நடுக்கூடத்தில் நின்றிருந்தாள். சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

அக்காவுக்கு அப்போது போன் போட்டான். அதற்கு எந்த நம்பரும் வேண்டியிருக்கவில்லை.

எந்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தானோ அதே ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து இறங்கினாள். அதுவரை அப்பாவை ஆஸ்பத்திரியின் குளிரறையில் வைத்திருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்தாள். துணியை விலக்கிக் கையைப் பார்த்தாள், அதைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்தது. அவள் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். உன்மேல் தப்பில்லைடா, உடம்பு அப்படித் திடீரென்று விட்டுவிட்டது, யாருக்குத் தெரியும் என்றாள். அவளே அவனுக்கு ஒரு வழி வைத்துவிட்டாள். திடீரென்று என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் அவன் காலம் முழுக்க ஒளிந்துகொள்ளலாம். திங்கட்கிழமை பூராவும் அதற்குள்தான் ஒளிந்திருந்தான். அலமாரித் தாளைக் கிழித்துவிட வேண்டும் என்று நான்கு தடவை நினைத்தான். அக்கா அந்த அறையிலேயே, அப்பா கட்டிலிலேயே படுத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் அப்பாவின் சட்டைகளை மடித்து வைக்க அலமாரியைத் திறந்தாள்.

அவன் கூடத்தில் இருந்தான். அறைக்குள் ஹேங்கர் சத்தம் நின்றது. அவனே எழுந்து போய் நிலைப்படியில் நின்றான். அவள் ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் போய்க்கொண்டிருந்தாள், வகுப்பில் விடைத்தாள் திருத்துகிற மாதிரி. முதல் ஐந்து புள்ளிகளில் விரல் நின்றது.

“இது கோடே இல்லயேடா” என்றாள். “வளைஞ்சிருக்கு. நீ முதலும் கடைசியும்தான் சொன்னே. நடுவுல என்னன்னு நானும் கேட்கல. வகுத்தல் சரியான்னு மட்டும் பார்த்தேன்.”

விரல் கடைசிப் புள்ளிக்கு வந்தது. வட்டம். தண்ணீர். தேதி.

“இது எப்ப எழுதினது?”

“அன்னிக்கேதான்.”

“அன்னிக்கேன்னா? போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறா?”

“ஆமா.”

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கிளம்பியிருந்தால் செவ்வாய் காலை வந்திருப்பேன் என்று, அவனிடம் அல்ல, மடித்து வைத்த சட்டைகளிடம் சொன்னாள். செவ்வாய், புதன், வியாழன். விரலை மடக்கினாள். அவ்வளவு சின்னக் கணக்குக்கும் அவளுக்கு விரல் தேவைப்பட்டது.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் என்னடா பண்ணிக்கிட்டிருந்தே?”

“இன்னொரு புள்ளி வேணும்னு இருந்தேன்.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பக்கத்திலிருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். அந்த நாட்களில் அப்பா என்னென்ன பேசினார் என்று சொல், ஒன்று விடாமல் சொல் என்றாள்.

திங்கட்கிழமையைச் சொன்னான். மாத்திரை கசக்கிறது என்று முகத்தைச் சுளித்தார், பேப்பரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார், பாதியில் தூங்கிவிட்டார். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குள் இன்னொரு கணக்கு ஓடியது. செவ்வாய்க்கிழமை காலை அந்த அறையில் இருந்தது இரண்டு பேர். அதில் ஒருவர் இப்போது இல்லை. அவன் மனைவிக்குக்கூட அது தெரியாது. புதன்கிழமை ஜன்னலுக்கு நேராகத் தாவிவிடலாம். அக்கா காலம் முழுக்க அந்த ஜன்னலை வைத்துக்கொண்டு போய்விடுவாள். அவளுக்கும் நல்லது, அவனுக்கும் நல்லது.

“செவ்வாய்க்கிழமை?” என்றாள்.

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

“நீ எப்ப வர்றேன்னு கேட்டார். ஆறு வாரம்னேன். கொஞ்சம் முன்னாடி வரச் சொல்ல முடியாதான்னு கேட்டார்.”

“நீ என்ன சொன்னே?”

“ஞாயித்துக்கிழமை பார்த்துட்டுச் சொல்றேன்னேன்.”

“அவர்?”

“தலையாட்டினார்.”

அக்கா கையிலிருந்த சட்டையைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள். காலர் சரியாக வரவில்லை, மறுபடி பிரித்தாள். அவன் புதன்கிழமையைச் சொன்னான், வியாழக்கிழமையைச் சொன்னான். அவள் கேட்டாளா என்பது தெரியவில்லை. நான்கு நாளும் சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கம்பெனி கொடுத்த லீவு முந்தின நாளோடு முடிந்திருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஷிப்ட். போகவில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே அவன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். ஐந்தரைக்கு அக்கா அறையைவிட்டு வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். திரும்பிப் போக எடுத்திருந்த சனிக்கிழமை டிக்கெட்டை நாளைக்கு மாற்றிக்கொண்டதாகவும், விடிகாலை டாக்ஸிக்குச் சொல்லியாயிற்று என்றும் அவன் மனைவியிடம் சொன்னாள். மனைவி அண்ணி என்று ஏதோ ஆரம்பித்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து, நீ அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டாய் அம்மா என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

“நீ வேலைக்குப் போ.”

“இன்னிக்கு வேணாம்னு பார்க்கறேன் அக்கா. உன்னை அனுப்பிட்டு…”

“போடா. நான் இருக்கறப்ப நீ இங்க இருக்காதே.”

சத்தமாகச் சொல்லவில்லை. பரீட்சைக் கூடத்தில் மணியடித்தபின் எழுதிக்கொண்டிருக்கும் பையனிடம் பேனாவைக் கீழே வை என்று சொல்வார்களே, அந்தக் குரல்.

அவன் எழுந்தான். மனைவி சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள். அவள் கண்ணைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான். ஷூ மாட்டும்போது கயிறு இரண்டு தடவை நழுவியது. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவன் முடிக்கும்வரை பொறுமையாக. அவன் படியில் காலை வைத்தபின், ஏதாவது சொல்லலாமென்று திரும்பினான். அவள் அவனைப் பார்க்கவும் இல்லை, பார்க்காமலும் இல்லை.

கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு சாவி இரண்டு சுற்று திரும்பியது.